நாட்டாமை, சட்டாம்பிள்ளை, கங்காணி: சிகாகோ இணைய அகராதி எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்நூலகம் நடத்தும் அகராதிப் பக்கங்களுக்குக் காசு கிடையாது. பதிவு செய்ய வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் (1924–1936), வின்சுலோவின் தமிழ்–ஆங்கில அகராதி (1862), பப்ரிசியசின் அகராதி, பரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதி ஆகியவை அங்கே தேடக் கிடைக்கின்றன. பிரவுனின் தெலுங்கு அகராதி, குண்டர்ட்டின் மலையாள அகராதி (1872), பிளாட்சின் உருது அகராதி (1884), ஸ்டைன்காசின் பாரசீக அகராதி (1892), வெள்ளைக்காரர் பேச்சில் புகுந்த இந்தியச் சொற்களைத் திரட்டிய ஹாப்சன்-ஜாப்சன் ஆகியவையும் அதே தளத்தில் உண்டு. தமிழ் லெக்சிகன் வேறு தளங்களிலும் கிடைக்கிறது. ஒரு சொல்லின் பூர்வீகத்தைத் துரத்துகிறவருக்கு இந்த அண்டை மொழி அகராதிகள் பக்கத்திலேயே இருப்பதுதான் இங்கே லாபம்.

சோதனைக்கு எடுத்துக்கொண்டது ஒரே ஒரு பொருள்: பிறரை அதட்டி, அடக்கி, தன் சொல்லே நடக்க வேண்டும் என்று நிற்கிற குணம். தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை இராமநாதபுரம் கடற்கரையில் இதற்குப் பஞ்சமில்லை. குணத்துக்கும் இல்லை, சொல்லுக்கும் இல்லை. நாட்டாமை பண்றான், சட்டாம்பிள்ளைத்தனம் காட்டுறான், கங்காணி வேலை பார்க்கிறான், ஜபர்தஸ்து பண்றான், தர்பார் நடத்துறான், துரைத்தனம், பெரியதனம், அதிகாரம், அராஜகம் என்று அடுக்கலாம். இவற்றில் பெரும்பாலானவை ஒரு காலத்தில் வசைச்சொற்களே அல்ல. யாரோ ஒருவர் பார்த்த உத்தியோகத்தின் பெயர்கள் அவை. உத்தியோகம் போன பிறகு பெயர் மட்டும் வசையாக மிஞ்சிவிட்டது. இந்தத் தளம் உத்தியோகத்தை மிக நன்றாகக் காட்டும். வசையைப் பெரும்பாலும் காட்டாது. அதைத் தெரிந்துகொண்டு உள்ளே போனால் ஏமாற்றம் இல்லை.

தேடும் முறை, வழுக்கும் இடங்கள்

முதலில் சொல்லை உரிக்க வேண்டும். “சட்டாம்பிள்ளைத்தனம் பண்ணாதே” என்பதில் ‘பண்ணு’, ‘தனம்’ இரண்டையும் கழற்றிவிட்டு சட்டாம்பிள்ளை என்று மட்டும் தேட வேண்டும். அச்சு அகராதியில் வால்கள் எல்லாவற்றுக்கும் தனிப் பதிவு இருக்காது. துரைத்தனம் போன்ற சில, வாலோடேயே தலைச்சொல்லாக நிற்கும். அதனால் உரித்தும் உரிக்காமலும் ஒருமுறை பார்ப்பது நல்லது.

அடுத்து, தேடல் பெட்டியின் அருகே உள்ள தெரிவு. தலைச்சொற்களில் மட்டும் தேடவும் செய்யலாம், பதிவு முழுவதிலும் தேடவும் செய்யலாம். சொல் தெரிந்திருந்தால் முதலாவது. பொருள் மட்டும் தெரிந்து தமிழ்ச் சொல் வேண்டுமென்றால் இரண்டாவது. லெக்சிகனில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஆங்கிலத்திலும் தமிழிலும் பொருள் எழுதியிருப்பதால் ஆங்கிலச் சொல்லைப் போட்டுத் தமிழ்ச் சொல்லைப் பிடிக்கலாம். ஆனால் அது நூறு வருடத்துக்கு முந்திய ஆங்கிலம். ‘பாஸி’ என்று தேடினால் பெரிதாக எதையும் எதிர்பார்க்காதீர்கள். டாமினியரிங், ஓவர்பேரிங், இம்பீரியஸ், டிரனி, ஹாட்டி என்று அந்தக் காலத்துச் சொற்களை ஒவ்வொன்றாகப் போட வேண்டும். (ஆங்கிலத்திலும் கதை இதேதான். ‘பாஸ்’ என்பது டச்சு மொழியில் எஜமானரைக் குறிக்கும் ‘பாஸ்’ அமெரிக்காவில் குடியேறியது. ‘புல்லி’ பதினாறாம் நூற்றாண்டில் அன்புக்குரியவரை அழைக்கும் செல்லப் பெயர். இன்று எளியவரை மிரட்டுகிறவனுக்குப் பெயர்.)

ஒன்றும் வரவில்லை என்றால் எழுத்தை மாற்றிப் போடுவதுதான் மருந்து. இந்தச் சொற்களில் பாதி வடமொழியிலிருந்தும் பாரசீகம், அரபு வழியாகவும் வந்தவை. ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று வடிவம் உண்டு. ஜபர்தஸ்து, சபர்தஸ்து, அட்டகாசம், அட்டஹாசம், யதேச்சை, எதேச்சை, கங்காணி, கண்காணி. லெக்சிகனின் அகர வரிசையில் ஜ, ஸ, ஹ போன்ற கிரந்த எழுத்துகள் ‘ன’வுக்கும் பின்னால் கடைசியில் நிற்கின்றன. அதனால் ‘ச’ பக்கத்தில் தேடி இல்லை என்று விட்டுவிடுகிறவர்கள் நிறைய.

எழுத்துருவிலும் ஒரு பொறி இருக்கிறது. ‘தௌலத்து’ என்பதில் உள்ள ஔகாரக் குறியைப் பலர் ஒற்றைக் கொம்பு, பிறகு ‘ள’ என்று தட்டுகிறார்கள். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், கணினிக்கு இரண்டும் வேறு. பழைய ஒருங்குறி அல்லாத எழுத்துருவில் அடித்த கோப்பிலிருந்து வெட்டி ஒட்டினாலும் இதே கதி. கையால் ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் அகராதியைக் குறை சொல்லலாம்.

பதிவு திறந்ததும் பார்க்க வேண்டியது ‘<’ குறி. அதற்குப் பின்னால் இருப்பதுதான் வேர். அதில் ‘ஐடி’ என்ற இரண்டு ஆங்கில எழுத்து சுருக்கம் வந்தால், “மேலே உள்ள பதிவில் சொன்ன அதே வேர்” என்று பொருள். அச்சுப் புத்தகத்தில் கண்ணை ஒரு வரி மேலே ஏற்றினால் போதும். இணையத்தில் தேடினால் அந்த ஒரு பதிவு மட்டும் தனியாக வந்து விழும், மேல் பதிவு கண்ணில் படாது. பக்க எண்ணைச் சொடுக்கி அந்தப் பக்கம் முழுவதையும் திறந்து, மேலே நகர்ந்து, ‘ஐடி’ இல்லாத முதல் பதிவைப் பிடிக்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான். ‘புராப்’ என்ற சுருக்கம் இருந்தால் அது தொகுப்பாளர்களின் ஊகம். ஊகத்தை உறுதிபோலப் பள்ளிக்கூடக் கட்டுரையில் எழுதுகிறவர்கள் கவனிக்க.

நாட்டாண்மை

நாட்டாமை என்று போடுவதோடு நிற்காமல் நாட்டாண்மை என்றும் போடுங்கள். எழுத்து வழக்கில் அதுதான் முழு வடிவம்: நாடு + ஆண்மை. இந்த ‘ஆண்மை’ ஆம்பிளைத்தனம் அல்ல. ‘ஆள்’ என்ற வினையிலிருந்து வந்த ஆளும் தன்மை. குறள் 1026-இல் வரும் ‘இல்லாண்மை’ வீட்டை ஆளும் பொறுப்பு. அதே அச்சில் ஊருக்கு ஊராண்மை, நாட்டுக்கு நாட்டாண்மை. ‘நாடு’ என்பதையும் இன்றைய தேசம் என்று எடுக்கக் கூடாது. சோழர் கல்வெட்டுகளில் நாடு என்பது சில ஊர்கள் சேர்ந்த வட்டாரம். அதன் சபையினர் நாட்டார். ஆக, நாட்டாண்மை என்பது சில ஊர்களின் காரியத்தைப் பார்க்கும் பொறுப்பு. வழக்கு தீர்ப்பது, வரி பிரித்துக் கொடுப்பது, திருவிழா நடத்துவது எல்லாம் அதில் அடக்கம்.

பொறுப்பு எப்படி வசையானது என்பதை அகராதி விளக்காது, பேச்சுதான் விளக்கும். “காக்கா, நீங்க ஒண்ணும் நாட்டாம பண்ண வேணாம்” என்று கீழக்கரையில் ஒருவர் சொன்னால், அந்தக் காக்காவுக்கு (அங்கே அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள்) நாட்டாண்மைப் பதவி இல்லை என்பதுதான் குத்தல். பதவியில் இருப்பவரை யாரும் அப்படிச் சொல்வதில்லை. பதவி இல்லாமல் பதவிக்காரர் மாதிரி நடப்பவருக்கே இந்தச் சொல் விழுகிறது. இந்த வரிசையில் வரும் எல்லாச் சொல்லுக்கும் இந்த விதி பொருந்தும்.

இதே சொல் கடல் தாண்டியதும் தலைகீழாகிவிட்டது. கொழும்பு புறக்கோட்டையில் மூட்டை சுமக்கிறவர்களை நாட்டாமை, நாட்டாமி என்பார்கள், சிங்களத்திலும் நாட்டாமி. ஊரை ஆண்டவர் பெயர் அங்கே பாரம் தூக்குகிறவருக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. 1914-இல் பாம்பன் ரயில் பாலம் திறந்து, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் ஓடத் தொடங்கிய பிறகு இந்தக் கரைக்கும் அந்தத் துறைமுகத்துக்கும் பல காலம் போக்குவரத்து இருந்தது. கொழும்பில் வேலை பார்த்துத் திரும்பிய குடும்பங்களில் பெரியவர்களிடம் கேட்டால் இரண்டு பொருளும் தெரிந்திருக்கும். இப்படி ஒரு திருப்பத்தைக் கண்டுபிடிக்க லெக்சிகன் மட்டும் போதாது.

சட்டாம்பிள்ளை

இந்தத் தளத்தின் பலம் முழுதாகத் தெரிவது இந்தச் சொல்லில்தான்.

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாருக்கு அடுத்த ஆள் சட்டாம்பிள்ளை. பெரிய பிள்ளைகளில் ஒருவன். வராத பிள்ளையை வீடு தேடிப் போய் இழுத்து வருவது, பாடம் ஒப்பிக்கச் சொல்லிக் கேட்பது, வாத்தியார் இல்லாதபோது பிரம்பைப் பிடிப்பது அவன் வேலை. சம்பளம் இல்லை, அதிகாரம் உண்டு. பிரம்பு கையில் இருக்கும் பையன் எப்படி நடந்துகொள்வான் என்பதற்கு அகராதி தேவையில்லை.

‘சட்டம்’ என்ற முன்பாதியை விதி, ஒழுங்கு என்று எடுப்பது எளிது. ஒழுங்கைக் காப்பவன் சட்டாம்பிள்ளை. ஆனால் ‘சட்டம்’ என்று தனியாகத் தேடி எல்லாப் பொருளையும் வரிசையாகப் படியுங்கள். மரச்சட்டம், விதி ஆகியவற்றோடு, பிள்ளைகள் பார்த்து எழுதுவதற்காக வாத்தியார் மேலே எழுதிக்கொடுக்கும் மாதிரியும் ஒரு பொருள். மேல்வரிச்சட்டம் என்பது அதுதான். பள்ளிக்கூடத்துக்குள் பிறந்த சொல்லுக்குப் பள்ளிக்கூடத்துப் பொருளே நெருக்கம் என்று நினைக்க இடம் இருக்கிறது. இரண்டில் எது என்று அடித்துச் சொல்ல முடியாது. இணையத்தில் பரவும் துணுக்குகள் ஒன்றை மட்டும் எழுதி முடித்துவிடுகின்றன. இங்கே பத்து நிமிடம் செலவழித்தால் இரண்டும் கண்ணில் படும்.

அடுத்து குண்டர்ட்டின் மலையாள அகராதிக்குத் தாவி ‘சட்டம்பி’ என்று பாருங்கள். பள்ளிக்கூடத்துத் தலைமைப் பிள்ளைக்கு அங்கேயும் அதே சொல். திருவனந்தபுரம் கண்ணம்மூலையில் 1853-இல் பிறந்து, 1924-இல் மறைந்த சட்டம்பி சுவாமிகளுக்கு அந்தப் பெயர் வந்தது பள்ளியில் சட்டாம்பிள்ளையாக இருந்ததால்தான். இன்று மலையாளத்தில் சட்டம்பி என்றால் ரவுடி. தமிழில் சொல் கொஞ்சம் மிதமாகவே நின்றுவிட்டது: அண்ணன் தம்பிக்கு இடையிலும், ஆபீசில் ஒரே சம்பளம் வாங்குகிறவர்களுக்கு இடையிலும் மேல்கை பார்க்கிறவன்தான் இங்கே சட்டாம்பிள்ளை. ஒரே வேலைக்குரிய பெயர் மலைக்கு இந்தப் பக்கம் தொந்தரவாகவும் அந்தப் பக்கம் அடிதடியாகவும் ஆகியிருக்கிறது. திருநெல்வேலிச் சீமையில் 1857-இல் தனித் திருச்சபை கண்ட அருமைநாயகத்தையும் சட்டாம்பிள்ளை என்றே அழைத்தார்கள். அங்கே அது வசை அல்ல, படிப்பின் அடையாளம்.

ஒரு கிளைக்கதை. சென்னையில் ஆண் பிள்ளைகளின் அனாதை விடுதிப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதையும் பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதையும் பார்த்துத் தன் பள்ளியிலும் அதை நடத்தி, 1797-இல் லண்டனில் அறிக்கை வெளியிட்டார். மதராஸ் முறை என்ற பெயரில் அது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது. அவர்கள் ‘மானிட்டர்’ என்றார்கள். பிறகு அந்த மானிட்டர் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தோடு திரும்பி வந்து நம் சட்டாம்பிள்ளையை வேலையை விட்டு அனுப்பிவிட்டார். வேலை போனதால்தான் சொல் வசையாக மட்டும் வாழ்கிறது.

கரையோரச் சொற்கள்

கடற்கரைக்காரர் இந்தத் தளத்தை நம்பி வந்தால் பாதி மகிழ்ச்சி, பாதி ஏமாற்றம்.

மகிழ்ச்சி வின்சுலோவால். அவர் யாழ்ப்பாணத்தில் பல வருடம் இருந்த அமெரிக்க மிஷனரி. அகராதியில் 67,452 சொற்கள். லெக்சிகன் அதிலிருந்து எடுத்தவற்றுக்கு ‘டபிள்யூ’ என்றும், யாழ்ப்பாண வழக்குக்கு ‘ஜே’ என்றும் குறி போட்டிருக்கிறது. ‘ஜே’ என்று போட்டிருக்கிற கடல் சொல் யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரியது என்று நினைத்து ஒதுக்காதீர்கள். பாக் நீரிணையின் இரு கரையும் பகிர்ந்துகொள்ளும் சொற்கள் நிறைய. ‘லோக்’ என்பது உள்ளூர் வழக்கு என்ற குறி, ஆனால் எந்த ஊர் என்று சொல்லாது. ‘கொலோக்’ பேச்சு வழக்கு. இந்த மூன்று குறிகளும் உள்ள பதிவுகளே நம் தேடலுக்குத் தீனி. இலக்கிய மேற்கோள் இல்லாத பதிவு என்று அவற்றைத் தாழ்வாக நினைக்க வேண்டாம்.

‘தண்டல்’ நல்ல சோதனை. தமிழில் வரி, வட்டி வசூலுக்குத் தண்டல் என்போம். அது ‘தண்டு’ என்ற வினையிலிருந்து வந்தது. தோணியின் தலைவனும் தண்டல். தண்டேல், தண்டையல் என்றும் சொல்வார்கள். ஹாப்சன்-ஜாப்சனில் ‘டிண்டல்’ என்று தேடினால், ஒரு ஆள்கூட்டத்தின் தலைவன், கப்பலில் லஸ்கர்களுக்கு (கப்பலாட்களுக்கு) மேலாள் என்ற பொருளோடு தென்னிந்திய வடிவங்களையும் கொடுத்திருக்கிறார்கள். வசூல்காரனும் தோணித் தலைவனும் ஒரே வேர்தானா என்ற கேள்விக்கு அவசரப்பட்டு ஆமாம் போட்டுவிடக் கூடாது. அகராதியில் ஒரே எழுத்தில் இருக்கும் சொற்களுக்குப் பக்கத்தில் சிறிய எண் போட்டிருந்தால் அவை வெவ்வேறு சொற்கள் என்று தொகுப்பாளர்கள் கருதியதாக அர்த்தம். அந்த எண்ணைப் பார்க்காமல் இரண்டு பொருளையும் பிசைந்து கதை கட்டுவது இணையத்தில் தினமும் நடக்கிறது.

‘சம்மாட்டி’யைத் தேடும்போது நெட்டெழுத்தை விட்டுவிட்டால் ‘சம்மட்டி’ வரும், கொல்லன் பட்டறைச் சுத்தியல். சம்மாட்டி படகு, வலைக்குச் சொந்தக்காரர், ஆள் வைத்துத் தொழில் நடத்துகிறவர். மீன்பிடிப் பங்கு எப்படிப் பிரியும், முன்பணம் யாருக்கு எவ்வளவு, யார் எந்தப் படகில் ஏறுவது எல்லாம் சம்மாட்டி வாக்கு. “என்ன மச்சான், சம்மாட்டி கணக்கா பேசுற” என்று சக ஆளைக் கேட்டால் விஷயம் புரிந்துவிடும். இந்தக் கேலிப் பொருளை அகராதிப் பக்கத்தில் தேடாதீர்கள்.

கங்காணி இந்தக் கரைக்கு மிகவும் வேண்டப்பட்ட, அல்லது வேண்டாத சொல். கண் + காணி, கண்ணால் கண்டு மேற்பார்ப்பவன். இலக்கணம் சுத்தம், குற்றமே இல்லை. இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலி ஆள் பிடித்துப் போனவர்களும் கங்காணிகள். பெரிய கங்காணி, அவருக்குக் கீழே சில்லறைக் கங்காணி. ஊரில் ஆள் சேர்ப்பது, வழிச்செலவுக்குக் கடன் கொடுப்பது, தோட்டத்தில் நின்று வேலை வாங்குவது மூன்றும் ஒரே ஆள் கையில். கடனும் மேற்பார்வையும் சேர்ந்ததால் வந்த கசப்புதான் சொல்லில் தங்கியது. கடனைக் காட்டி ஆளைத் தோட்டம் விட்டுத் தோட்டம் மாற்றிய ‘துண்டு’ முறையை 1921-இல் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். இவர்கள் தங்கிப் போன முகாம் மண்டபத்தில் இருந்தது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பி வந்தவர்களும் அங்கேதான் இறங்கினார்கள். ‘கண்காணிப்பு’ இன்றைக்கு மரியாதையான அரசாங்கச் சொல், ‘கங்காணித்தனம்’ வசை. வேர் ஒன்றே. அகராதி முதல் பாதியைச் சொல்லும், மண்டபம் பக்கத்துப் பாட்டிகள் மறுபாதியைச் சொல்வார்கள்.

மேஸ்திரி போர்த்துகீசிய ‘மெஸ்த்ரே’. கட்டடம் கட்டும் இடத்தில் இன்றும் அது உத்தியோகப் பெயராக உயிரோடு இருப்பதால் முழு வசையாகவில்லை.

அரண்மனை வாசல் வழி வந்தவை

இவற்றுக்கு இந்தத் தளத்தை விட வசதியானது இல்லை. ஜபர்தஸ்துக்கு லெக்சிகன் உருது வழியைக் காட்டினால், பிளாட்சுக்கும் ஸ்டைன்காசுக்கும் போங்கள்: பாரசீகத்தில் ‘சபர்’ மேலே, ‘தஸ்த்’ கை. மேல்கை. தர்பார் பாரசீக அரசவை. தவுலத்து அரபு மூலம். செல்வம், ஆட்சி என்பதிலிருந்து தமிழில் வெற்று ஆடம்பர மிடுக்காக இறங்கியது. பெத்தரிக்கம் தெலுங்கு, பிரவுனில் ‘பெத்த’ என்ற பெரிய குடும்பத்தோடு கிடைக்கும். இன்று அரிதாகவே காதில் விழுகிறது, தமிழாக்கிய ‘பெரியதனம்’ மட்டும் ஊர்ப்பக்கம் நிற்கிறது. துரைத்தனம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அரசாங்கத்துக்கே பெயர், ‘துரைத்தனத்தார் உத்தரவு’ என்றுதான் எழுதினார்கள். துரைகள் கப்பலேறிய பின் சட்டையை மடித்துவிட்டு உட்கார்ந்து வேலை ஏவுகிறவனுக்குப் போய்விட்டது.

அராஜகம் வேடிக்கையானது. ‘அ’ இன்மை, ராஜன் இல்லாத நிலை. ராஜா இல்லாத இடத்தில் ஆளுக்காள் ராஜாவானால் என்ன ஆகும் என்பதையே இன்று அந்தச் சொல்லால் குறிக்கிறோம்.

என்ன கிடைக்காது

லெக்சிகன் ஆறு தொகுதியில் 104,405 சொற்கள், 1939-இல் முடிந்த பின்னிணைப்போடு 117,762. எஸ். வையாபுரிப்பிள்ளை பதிப்பாசிரியர், இராமநாதபுரத்துக்காரரான மு. இராகவையங்கார் அதில் நீண்ட காலம் தமிழ்ப் பண்டிதராக உழைத்தவர். அந்த உழைப்பு முடிந்த வருடத்தோடு சொற்களும் நின்றுவிட்டன. அதற்குப் பின் வந்த எந்தப் பொருளும் இங்கே இல்லை. தாதா, பெரியண்ணன், சீன் போடுறது எதுவும் வராது. இலக்கிய மேற்கோள் உண்டு, பேச்சு வாக்கிய உதாரணம் இல்லை. “பண்ணு” சேருமா “காட்டு” சேருமா என்று தெரியாது. தளத்தின் முகப்பும் விளக்கங்களும் ஆங்கிலத்தில். ஆங்கிலம் கைவராத மாணவர் தனியாக உட்கார்ந்தால் சுருக்கக் குறிகளிலேயே திணறுவார். முதல் தடவை ஆசிரியர் பக்கத்தில் இருப்பது நல்லது.

இன்றைய வழக்குக்கு க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியைச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். 1992-இல் முதல் பதிப்பு, 2008-இல் இரண்டாவது, 2020-இல் மூன்றாவது. எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு பொருள் தரும். இலங்கை வழக்குக்குத் தனிக் குறி உண்டு, அது இந்தக் கரைக்குப் பயன்படும். அதில் வேர் தேடக் கூடாது. அது அந்த அகராதியின் வேலை அல்ல. தேவநேயப் பாவாணர் 1974-இல் தொடங்கிவைத்த செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் பேரகரமுதலி வேருக்காகவே எழுதியது. ஆனால் பிறமொழிச் சொல் என்று மற்றவர்கள் சொல்வதையும் தமிழுக்குள்ளேயே விளக்க முயலும் போக்கு அதில் வலுவாக உண்டு. அதில் ஒன்றைப் படித்தால் சிகாகோ தளத்திலும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நியாயம். தமிழ் விக்சனரி ஆளுக்காள் எழுதுவது. நல்ல பதிவும் உண்டு, வெறும் ஊகமும் உண்டு.

இந்தத் தளத்தில் இல்லாத ஒரு பெரிய பொருளும் உண்டு: அந்தாவோ தெ புரோயன்சாவின் தமிழ்–போர்த்துகீசிய அகராதி. 1679-இல் கேரளத்து அம்பழக்காட்டில் அச்சானது. வத்திக்கான் நூலகத்தில் இருந்த படியைத் தனிநாயகம் அடிகள் 1954-இல் கண்டெடுத்தார். 1966-இல் கோலாலம்பூரில் மறுபதிப்பு வந்தது. முத்துக்குளித்துறையிலும் உள்நாட்டிலும் வேலை செய்த பாதிரிமார் காதால் கேட்ட பேச்சுத் தமிழ் அதில் இருக்கிறது. மேற்சொன்ன உத்தியோகப் பெயர்களில் எவை பதினேழாம் நூற்றாண்டிலேயே புழங்கின என்று பார்க்க அதைத்தான் நாட வேண்டும்.

தேடல் பக்கங்கள் பெரும்பாலும் வெறும் எழுத்து என்பதால் சிக்னல் மெலிந்த இடத்திலும் திறந்துவிடும். தேடிய பதிவின் பக்க எண்ணைக் குறித்துக்கொண்டால் அச்சுப் பிரதியிலும் அதே இடத்தைப் பிடிக்கலாம். கட்டுரையில் ஆதாரம் காட்டவும் அதுதான் ஒழுங்கு. தனுஷ்கோடி, அரிச்சல்முனைப் பக்கம் போனில் தேடுகிறவர்கள் ரோமிங்கை அணைத்துவிடுங்கள். அங்கே இலங்கை டவர் பிடித்துக்கொண்டால் இலவச அகராதிக்கும் பில் வரும்.